கூடு கட்டும் வரை பொறுத்துக்கோ

அந்த டாக்டரை எனக்குப் பிடிக்காது. என் மனைவி இன்றைக்கும் அவரிடம்தான் போகிறாள், அவர் எழுதிக் கொடுத்த மருந்தில்தான் மூச்சு விடுகிறாள். அதற்காகப் பிடித்துவிடுமா. அவருக்கும் என்னைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொள்வோம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் பத்தாவது வரை படித்தவன். பேச்சு எனக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என்னை ஒன்று கேட்டால், கேட்டவர் போன பிறகுதான் பதில் ஞாபகம் வரும். கம்பைநல்லூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டு, பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தோம். நானும் அவளும்தான். பிள்ளைகள் இருவரும் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

புழு வளர்க்கும் கொட்டகையை நாங்கள் மனை என்போம். அது வீட்டை ஒட்டியே இருந்தது. செருப்போடு அதற்குள் போகக்கூடாது. வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கொசுவத்தி கூடாது, எந்த ஸ்ப்ரேயும் கூடாது. புகையிலை போட்ட கையால் இலையைத் தொட்டால் போதும், அந்த வரிசைப் புழு முழுக்க கக்கிவிட்டுச் சாகும். ஒருமுறை பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு மருந்தடித்த நாளில் காற்று எங்கள் பக்கம் திரும்பி, வளர்த்த அத்தனையும் இரண்டு நாளில் போனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டதில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டு சென்ட் வாசனையோடு வந்த என் மச்சினரை, அவளுடைய சொந்த அண்ணனை, அவள் களத்திலேயே நிறுத்தி மோர் கொடுத்து அனுப்பினாள். அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அவளுக்கு இருமல் ஆரம்பித்தது மழைக்காலத்தில். சளி என்று நினைத்தோம். மழை போன பிறகும் இருமல் போகவில்லை. இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வரும்போது பாதியில் இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துவது போலச் சத்தம் கேட்கும். மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்த டானிக் கேட்கவில்லை. டவுனில் அந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூச்சுக்கு நல்லா பார்ப்பார் என்று ஊரில் சொன்னார்கள்.

காலை எட்டு மணிக்கு டோக்கன் போட்டு, பன்னிரண்டரைக்கு உள்ளே போனோம். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. போனில் யாரோடோ பேசிக்கொண்டே கையால் உட்காரச் சொன்னார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அவள் முதுகில் குழாய் வைத்துப் பார்த்தார். "மூச்ச இழு. விடு. இன்னும் இழு," என்றார். என் மனைவிக்கு வயது நாற்பத்தொன்பது. அவளை அவர் நீ என்றுதான் சொன்னார்.

பிறகு கேள்விகள். அவளைப் பார்த்துக் கேட்பார், பதிலுக்கு என்னைப் பார்ப்பார். ஆம்பளை கூட வந்திருந்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். டாக்டருக்கும் அது வசதியாக இருந்தது, சீக்கிரம் முடியும். வீட்டில் விறகடுப்பா என்றார். கேஸ் என்றேன். நாய், பூனை வளர்க்கிறாயா என்றார். இல்லை என்றேன். நான் பீடி குடிப்பேனா என்றார். இல்லை என்றேன். என்ன தொழில் என்றார். விவசாயம் என்றேன்.

அது பொய் இல்லை. ரேஷன் கார்டு, பேங்க், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எங்கே கேட்டாலும் நாங்கள் விவசாயம் என்றுதான் எழுதுவோம். புழு வளர்க்கிறேன் என்று தனியாக யாரும் சொல்வதில்லை. அவரும் விவசாயம் என்று எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ஆஸ்துமா என்றார். ஒரு பம்பு எழுதிக் கொடுத்தார். வாயில் வைத்து அமுக்கி உறிஞ்சுகிற மருந்து. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு, ஒரு நாளும் விடக்கூடாது. எதற்கு, எத்தனை மாதம், பழகிவிடுமா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டார். அடுத்த ஆள் கதவைத் திறந்துகொண்டு நின்றான். வெளியே மருந்து கொடுக்கும் பெண் பம்பைக் குலுக்கி, "இப்படி வெச்சு இப்படி அமுக்கணும்க்கா, அவ்ளோதான்," என்று காற்றில் காட்டிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து அவள் அதை ஒருமுறை அடித்தாள். புஸ் என்று சத்தம் வந்தது. ஒரு வாசனையும் வந்தது, ஆஸ்பத்திரி வாசனை. அவள் என்னைப் பார்த்தாள், நான் மனையைப் பார்த்தேன். புழு அன்றைக்கு நாலாவது ஜுரத்தில் இருந்தது. தோல் உரிப்பதற்காக அது இலை தின்னாமல் தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும் நேரத்தைத்தான் நாங்கள் ஜுரம் என்போம். அந்த நேரத்தில் எதுவும் தாங்காது.

ஸ்ப்ரே அடித்த வாயோடு உள்ளே போய் இலை போடலாமா என்று அவள் கேட்டாள். கேட்டது என்னைத்தான். எனக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். டாக்டர் சீட்டில் போன் நம்பர்கூட இருந்தது. ஆனால் நாலு மணி நேரம் காத்திருந்து, ஒரு வார்த்தை முழுசாகச் சொல்ல விடாத மனிதனுக்குப் போன் போட்டு, பட்டுப்புழு இந்த மருந்தால் சாகுமா என்று எப்படிக் கேட்பது. சிரிப்பார், இல்லாவிட்டால் திட்டுவார். இரண்டையும் வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

"கூடு கட்டற வரைக்கும் பொறுத்துக்கோ," என்றேன். "பத்து நாள்தானே."

பம்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, மாட்டுக் கொட்டகைக் கூரை எரவாணத்தில் சொருகியது நான்தான். அவள் இல்லை. இதை எழுதும்போது கை நிற்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்து நாளில் புழு கூடு கட்டியது. கூட்டை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போனதும், மனையைச் சுத்தம் செய்து, கழிவைக் கூட்டி அள்ளி, ஃபார்மலின் மருந்து அடிக்க வேண்டும். அது கண்ணைக் கரிக்கும், தொண்டையை அடைக்கும். கூட்டுவது அவள், மருந்தடிப்பது நான். அந்த நாட்களில்தான் அவளுக்கு மூச்சு மிக மோசமாக இருந்தது. பம்பை எடுத்து நாலு நாள் அடித்தாள், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் அடுத்த புழு வந்துவிட்டது. பம்பு மறுபடி எரவாணத்துக்குப் போனது.

ஒரு மாதம் கழித்து டாக்டரிடம் போனோம். இந்த முறை போன் இல்லை. ஆனால் நிமிரவே இல்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே, "பம்பு ஒழுங்கா போடறியா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"போடறாங்க சார்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்துவிட்டேன். இல்லை என்றால் ஏன் என்பார், ஏன் என்றால் விளக்க வேண்டும், விளக்க எனக்கு வராது. வெளியே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் காரணம். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு போட்டும் குறையவில்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இன்னும் வேகமான பம்பு ஒன்றும் மாத்திரையும் எழுதினார். மாத்திரையை அவள் விழுங்கினாள், அதற்கு வாசனை இல்லை. கன்னம் உப்பியது, முகம் பூரித்தது. ஊரில் பெண்கள் அவள் சதை போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது பம்பும் முதலாவதோடு போய்ச் சேர்ந்தது.

அந்தத் தடவை புழு நாலாவது ஜுரம் முடிந்து, கூடு கட்டுவதற்கு முன் இலையை வாரித் தின்னும் ஐந்தாம் பருவத்துக்கு வந்த நாலாம் நாள், பகல் பதினோரு மணிக்கு, மனைக்குள் அடுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் இலை வெட்டிக்கொண்டு வந்தபோது உதடு நீலமாக இருந்தது. கூப்பிட்டால் பார்க்கிறாள், பேச வரவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய எனக்கு நாக்கு எழவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடி வந்து போனைப் பிடுங்கிப் பேசினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டிப் புகை மருந்து வைத்தார்கள், ஊசி போட்டார்கள். சாயங்காலம்தான் அவள் நிறம் திரும்பியது. வார்டு நர்ஸ் ஒருவர், எங்கள் வயதுதான் இருக்கும், சீட்டுகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். இரண்டு பம்பு எழுதியிருக்கிறதே, ஒழுங்காகப் போட்டவளுக்கு இப்படி ஆகாதே என்றார். "போட்டாங்க" என்று நான் ஆரம்பித்தேன். கட்டிலில் இருந்தவள் முகமூடியைக் கையால் இழுத்துக் கழற்றினாள்.

"போடல. புழு செத்துப்போயிடும்னு போடல."

நர்ஸ் அவள் முடிப்பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தார். பட்டுப்பூச்சி வைத்திருக்கிறீர்களா என்றார். அவருடைய அண்ணன் பாலக்கோட்டுப் பக்கம் புழு வளர்க்கிறாராம், அந்தக் கழிவு வாசனை துணியை விட்டுப் போகவே போகாதாம். பிறகு வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டினார். அத்தனையையும் இங்கே எழுத முடியாது.

"வெளிய வந்து அடிச்சிட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு உள்ள போனா புழுவுக்கு ஒண்ணும் ஆவாது. எங்க அண்ணியும் பம்புதான் போடறா. இத ஒருத்தர்கிட்ட கேக்க மாட்டியாய்யா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அந்த இரண்டு வரிதான். அதற்குத்தான் நாங்கள் மாதக்கணக்கில் அலைந்தோம். மறுநாள் அங்கிருந்த டாக்டர், அந்த நோய்க்கே காரணம் மனைதான் என்றார். புழுக் கழிவின் தூசியும் நாங்கள் அடிக்கும் மருந்தும் அவள் நெஞ்சுக்கு ஆகாதாம். இனி அவள் உள்ளே கால் வைக்கக்கூடாது, வைத்தால் அடுத்த முறை இங்கே வந்து சேரும் வரை மூச்சு தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார். பழைய டாக்டரிடமே போய் எல்லாவற்றையும் சொல்லி வைத்தியத்தைத் தொடரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். இலை போட ஆளில்லாமல் மனையில் புழு அத்தனையும் செத்து நாறிக்கொண்டிருந்தது. எந்த ஸ்ப்ரேயும் படாமலேயே செத்திருந்தது. வாரி அள்ளிக் குழியில் கொட்டினேன். அவளைத் தெருமுனையிலேயே உட்கார வைத்துவிட்டுத்தான் அதைச் செய்தேன்.

டாக்டரிடம் போய் என்னால் பேச முடியாது என்று தெரியும். அதனால் எழுதினேன். நோட்டுத் தாளில் இரண்டு பக்கம். என்ன தொழில், மனைக்குள் எத்தனை மணி நேரம், எந்த மருந்து எப்போது அடிக்கிறோம், பம்பை ஏன் போடவில்லை, போட்டதாகப் பொய் சொன்னது யார், எல்லாம். கடைசியில், நீங்கள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்றும் எழுதினேன். அதை அடித்தேன். பிறகு கீழே மறுபடி எழுதினேன்.

தாளை நீட்டியதும் அவர் வாங்கவில்லை.

"என்ன இது, மனுவா? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடு," என்றார். அருகில் நின்ற உதவியாள் சிரித்தான்.

எனக்குக் காது சூடானது. "படிங்க சார்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் உதவியாளை வெளியே போகச் சொன்னார். இரண்டாவது பக்கத்தை முடித்துவிட்டு அடிக்கோடு போடுவது போல நகத்தால் ஒரு இடத்தைக் கீறினார்.

"போடறாங்கன்னு நீதானே சொன்னே? அத நம்பித்தானே நான் மருந்த ஏத்தினேன்?"

"ஆமாங்க."

"நான் தொழில் கேட்டேனா இல்லையா?" பழைய சீட்டைத் திருப்பிக் காட்டினார். "விவசாயம். உன் வாயால சொன்னது."

"ஆமாங்க."

"அப்புறம் என் மேல என்ன குத்தம்?"

அவர் சொன்னது எல்லாம் சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க. நீங்க ஒரு தடவ நிமுந்து பாத்திருந்தா கண்டுபுடிச்சிருப்பீங்க."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறேன் தெரியுமா, ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து ஜோசியம் சொல்லவா உட்கார்ந்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்கிறவனைக் கடவுள்கூடக் காப்பாற்ற முடியாது என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அவள் பேசினாள். அந்த அறைக்குள் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்களா? மூச்சு வாங்கறது எனக்கு."

டாக்டர் அவளைப் பார்த்தார். முகத்தைத்தான்.

"இனிமே என்னையே கேளுங்க. அவர கேட்டா எங்க வூட்டுக்கு வழியக்கூட தப்பாச் சொல்லுவாரு. அப்புறம், நீ வா போன்னு பேசாதீங்க. உங்க அக்கா வயசு எனக்கு."

அவர் முகம் சிவந்திருந்தது. வெட்கமா கோபமா என்று எனக்குத் தெரியாது. கோபம் என்றே நினைக்கிறேன். பேனாவை எடுத்தார்.

"சொல்லுங்க," என்றார். அந்த 'ங்க'வைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவள் சொன்னாள். கூட்டும்போது வருகிறது, இலை போடும்போது அவ்வளவு இல்லை, மருந்தடித்த மறுநாள் படுக்க முடியவில்லை, அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் இருந்தபோது இருமலே இல்லை. அவர் எழுதிக்கொண்டே வந்தார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டார். பிறகு பம்பை அவள் கையில் கொடுத்து, தன் எதிரில் அடித்துக் காட்டுங்கள் என்றார். அடித்தாள். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளையாகப் புகை வெளியே வந்தது. தினமும் போட்டிருந்தால்கூட பாதி மருந்து காற்றுக்குத்தான் போயிருக்கும் என்றார். கதவைத் திறந்து, மருந்து கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் கத்தினார். அந்தப் பெண் என்னைப் பார்த்து முறைத்தாள். அவரே ஒரு பிளாஸ்டிக் குடுவையைப் பம்போடு பொருத்தி, எப்படி மெதுவாக இழுப்பது என்று மூன்று தடவை செய்ய வைத்தார். மூன்றாவது தடவை புகை வெளியே வரவில்லை.

மனையை மூடச் சொன்னார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். கூடாது என்றார். சொல்வது சுலபம், எங்கள் வயிற்றுக்கு வழி என்ன என்றாள். அது தனக்குத் தெரியாது, நெஞ்சுக்குத்தான் தெரியும் என்றார். வெளியே வந்ததும் அவனுக்கென்ன போச்சு என்று திட்டிக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் என்னையும் திட்டினாள். எரவாணத்தில் சொருகியதை அந்த ஆளுக்கு எதற்கு எழுதிக் கொடுத்தீர்கள், குடும்ப விஷயம் என்றாள். ஒரு வாரம் எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மனையை மூடிவிட்டோம். மல்பெரி இலையை மட்டும் வெட்டி, மொரப்பூர் ரோட்டில் புழு வளர்க்கிற ஒருவருக்குக் கொடுக்கிறோம். முன்பு போல இல்லை. அதைப் பற்றி அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, டாக்டர் மேலும் என் மேலும்.

இப்போது மாதம் ஒருமுறை அவள் தனியாகத்தான் அறைக்குள் போகிறாள். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். போன மாதம் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. மாத்திரையை ஏன் குறைத்தீர்கள், திடீரென்று இழுத்தால் எத்தனை தடவை அடிப்பது, கிறுக்கி வைத்தால் எனக்குப் புரியாது, வாயால் சொல்லுங்கள். அவர் குரலும் உயர்ந்தது. போன தடவையே சொன்னேன் என்றார். இன்னொரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றாள். அவர் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். ஒரு இடத்தில் தப்பு என்றார், மறுபடி சொன்னாள்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

"யாருங்க அது, டாக்டரையே இந்தப் போடு போடுது? நம்ம டோக்கன் வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும் போலயே."

நான் தெரியாதவன் போல எதிர்ச் சுவரைப் பார்த்தேன். கதவு திறந்தது. அவள் வெளியே வந்து, சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "ஏங்க, எழுந்து வாங்க. பஸ் போயிடும்," என்று எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டாள். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தலை நிமிரவில்லை. செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் அவள் தெருவுக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை ஏற்றம். அவள் எங்கும் நிற்காமல் ஏறினாள். பூக்கடை அருகே நான்தான் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.